டபுள் கப்பில் ட்ரெயிலர் இழுக்க, காபெற் ரோட்டுக்கும் கிறவல் ரோட்டுக்கும் சேர்த்து என்ன ரயர் போடலாம்?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: வீடு யாழ்ப்பாணத்தில், தென்னங்காணி மாங்குளத்துக்கு அப்பால். டபுள் கப் பிக்கப்பின் பின்னால் ஒற்றை அச்சு ட்ரெயிலர். போகும்போது பசளை, குழாய், சீமெந்துத் தூண். வரும்போது தேங்காய். கோடையில் அதே ட்ரெயிலரில் 1000 லீற்றர் தாங்கியை வைத்துக் கிறவல் (சரளை மண்) ரோட்டில் தண்ணீர் இழுக்கிறீர்கள். ஓட்டத்தில் முக்கால்வாசி ஏ9 நெடுஞ்சாலையின் காபெற் (தார்) ரோட்டு. ரயர் மாற்றும் நேரம் வந்துவிட்டது, தெரிந்தவர்கள் முரட்டு வெட்டுள்ள (மேற்பரப்பில் ஆழமான கோலமுள்ள) எம்டி எனப்படும் சேற்று ரயர் போடச் சொல்கிறார்கள்.

எம்டி வேண்டாம். உங்கள் ஓட்டத்துக்குச் சரியானது ரோட்டுக்கும் கிறவலுக்கும் பொதுவான, அளவான வெட்டுள்ள ஏடி ரயர், அதிலும் பாரம் ஏற்றும் வாகனத்துக்கானது என்று காட்டும் எல்டி அல்லது சி எழுத்து உள்ளது, வாகனத்தோடு வந்த அதே அளவில். ஆனால் அதற்கு முன்னால் ட்ரெயிலரின் இரண்டு சில்லையும் போய்ப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் ட்ரெயிலர் ரயரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, எனக்கு அதுதான் கவலை.

நானும் கட்டட வேலைக்காக மிக்சரும் ஜெனரேற்றரும் இழுத்துக்கொண்டு கிளிநொச்சி, பூநகரி, முல்லைத்தீவுப் பக்கம் ஓடுகிறவன். வீதியோரத்தில் ஜக் அடித்து நிற்கிற வாகனங்களைக் கண்டால் இறங்கிப் பார்ப்பேன். ட்ரெயிலரோடு நிற்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வெடித்திருப்பது பிக்கப்பின் ரயர் இல்லை, ட்ரெயிலரின் ரயர்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ரயரின் பக்கத்தில் அளவுக்கு அடுத்ததாக ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 265/65ஆர்17 112எஸ் என்றால், 112 என்பது அந்த ஒரு ரயர் தாங்கக்கூடிய பாரத்தின் குறியீடு. அது 1120 கிலோ. எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் வரை என்ற வேகக் குறியீடு. எங்களுக்கு வேக எழுத்து முக்கியமில்லை, பார எண்தான் எல்லாம்.

இப்போது உங்கள் ட்ரெயிலரை எடுங்கள். தண்ணீர் மட்டும் 1000 கிலோ. இரும்புச் சட்டம், அச்சு, தாங்கி எல்லாம் சேர்த்து ஒரு 400 என்று வையுங்கள். மொத்தம் 1400. அதில் பத்தில் ஒரு பங்கு பிக்கப்பின் கொழுக்கியில் இறங்கினாலும் மிச்சம் 1260 கிலோ இரண்டு ரயரில் நிற்கிறது, ஒன்றுக்கு 630. எங்கள் பக்கத்தில் ட்ரெயிலர் செய்கிறவர்கள் கழற்றிப் போட்ட பழைய கார்ச் சில்லைத்தான் அதிகம் பூட்டுகிறார்கள். 165/80ஆர்13 ரயரில் வழக்கமாக இருக்கும் எண் 83. அது தாங்குவது 487 கிலோ. புது ரயராக இருந்தாலே 143 கிலோ கூடுதல் பாரம். அதுவும் ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்த ரயர் என்றால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 155ஆர்12சி என்ற சின்ன வான் ரயரில் 88 என்று இருந்தால் 560 கிலோ, அதுவும் காணாது. 195ஆர்14சி, 106/104 என்று போட்டிருக்கிற ரயர் ஒன்று 950 கிலோ தாங்கும். ரிம்மும் அச்சும் அதற்கு ஏற்றதாக இருந்தால் தயங்காமல் அதைப் போடுங்கள். இரட்டை எண் கண்டு குழம்ப வேண்டாம். முதல் எண் தனிச் சில்லுக்கு, இரண்டாவது லொறியில் சோடியாகப் பூட்டும்போது.

கொழுக்கியில் இறங்கும் பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ட்ரெயிலரின் மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 சதவீதம் கொழுக்கியில் நிற்க வேண்டும். அதைவிடக் குறைந்தால், அதாவது பாரம் பின்பக்கம் போய்விட்டால், வேகம் எடுக்கும்போது ட்ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கும். என்ன விலைக்கு ரயர் வாங்கினாலும் அதை நிறுத்த முடியாது. தாங்கியை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வையுங்கள். தண்ணீரை நிரப்பினால் முட்ட நிரப்புங்கள். அரைத் தாங்கித் தண்ணீர் பிறேக் பிடிக்கும்போது முன்னுக்கும் வளைவில் பக்கத்துக்கும் ஓடி அடிக்கும், முழுத் தாங்கியைவிட அதுதான் ஆபத்து.

உங்கள் கணக்கில் கொழுக்கியில் 140 முதல் 210 கிலோ வரை இறங்கும். கொழுக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், பின் அச்சில் ஏறும் பாரம் அதைவிடக் கூட. அந்தக் கூடுதல் அளவு முன் அச்சில் குறையும். அதற்கு மேல் பின்தட்டில் பசளை மூட்டை. ஆகவே இழுவையில் உழைக்கிற ரயர் பின்னால் இருக்கிற இரண்டும்தான்.

இங்கேதான் எல்டி, சி என்ற எழுத்துகள் வருகின்றன. எழுத்து எதுவும் இல்லாத ரயரும் முன்னால் பி என்று உள்ள ரயரும் கார், ஜீப்புகளுக்கானவை. எல்டியும் சியும் பாரம் ஏற்றுகிற வாகனத்துக்கானவை. உள்ளே நூலும் கம்பியும் கூட, பக்கம் தடிப்பு. பி ரயரைப் பிக்கப்பில் போட்டால் அதன் பாரத்தை 1.1 ஆல் வகுத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அப்படிப் பார்த்தால் 1120 கிலோ ரயர் ஏறத்தாழ 1018 கிலோ. அதுவும் உங்களுக்குப் போதும், மறுக்கவில்லை. ஆனால் பாரம் தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. பின்னால் ட்ரெயிலர் தள்ளும்போது மெல்லிய பக்கமுள்ள ரயர் வளைந்து கொடுக்கும். ஸ்டியரிங்கில் அது ஒரு மிதப்பாகத் தெரியும், முக்கியமாக ஆனையிறவு வெளியில் பக்கக் காற்று அடிக்கும்போது. எல்டி ரயருக்கு மாறினால் அந்த மிதப்புப் பெருமளவு போய்விடும். கிறவலில் கூர்க்கல் பக்கத்தைக் கிழிக்கும் ஆபத்தும் குறையும். பாரம் இல்லாமல் ஓடும்போது வாகனம் கொஞ்சம் உதறும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எல்டி வாங்குகிறவர்கள் கவனிக்காத ஒன்று காற்று. எல்டி ரயர் தன் பாரத்தைத் தாங்குவது கூடிய காற்றில்தான். எல்டி245/75ஆர்16 அளவை எடுத்தால், 35 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் அது தாங்குவது ஏறத்தாழ 770 கிலோ, 50 பிஎஸ்ஐயில் 1000 கிலோ. பழைய ரயருக்கு அடித்த அதே காற்றை இதற்கும் அடித்துவிட்டு ட்ரெயிலரைப் பூட்டினால், காசு கொடுத்து வாங்கிய பலம் ரயருக்குள் வரவே இல்லை என்று அர்த்தம். கதவு நிலையில் ஒட்டியிருக்கிற அட்டவணை வாகனத்தோடு வந்த ரயருக்கானது. வேறு வகை போட்டால், அந்த ரயர்க் கம்பனியின் பார அட்டவணையைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். பின் அச்சைப் பாரத்தோடு ஒரு தராசில் ஏற்றி நிறுத்துவிட்டால் ஊகமே தேவையில்லை.

காற்றைக் காலையில் வெளிக்கிட முன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய ரயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும், அது இயல்பு. கூடிவிட்டது என்று இடையில் காற்றைத் திறந்து விடாதீர்கள். குறைந்த காற்று, கூடிய பாரம், வேகம் மூன்றும் சேர்ந்தால் ரயரின் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடாகும். அந்தச் சூட்டில்தான் மேல்பட்டை கழன்று பறக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் காபெற் ரோட்டின் சூடும் அதோடு சேரும்.

நான் பரந்தன் சந்தியில் எப்போதும் நிற்பேன். தேத்தண்ணிக்கு முன்னால் ஒரு சுற்று நடந்து, ஒவ்வொரு ரயரின் பக்கத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன், பிறகு சில்லின் நடுப்பகுதிக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோவேன், சுட்டுவிடாமல். எல்லாம் ஒரே அளவு சூடாக இருந்தால் சரி. ட்ரெயிலரின் ஒரு பக்கம் மட்டும் கூடச் சுட்டால், அந்த ரயரில் காற்று இறங்குகிறது, அல்லது பெயாரிங் இறுகுகிறது, அல்லது பிறேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்றில் எதுவென்றாலும் பரந்தனிலேயே பார்ப்பது நல்லது. கிளிநொச்சி தாண்டினால் கடைகள் குறையும்.

சரி, இனி வெட்டுக்கு வருவோம். எம்டியின் பெரிய ரப்பர்க் கட்டைகளும் அகன்ற இடைவெளிகளும் சேற்றைப் பிடித்து உதறுவதற்காகச் செய்தவை. வயலுக்குள்ளும் குளக்கட்டு ஓரத்திலும் அது ராசா. காபெற் ரோட்டில் அதே இடைவெளிகள் வீண், நிலத்தில் படுகிற ரப்பர் குறைவு. ஈர ரோட்டில் பிறேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும், பின்னால் ஒன்றரைத் தொன் தள்ளிக்கொண்டு வரும்போது அந்தத் தூரம் உயிர்ப் பிரச்சினை. உயரமான கட்டைகள் பாரத்தில் நெளிவதால் ட்ரெயிலர் ஆடும் உணர்வும் கூடும். தேய்மானமும் சத்தமும் டீசல் செலவும் அதற்கு மேல். மணற்காட்டுப் பக்கம் போல மணலில் ஓடினாலும் எம்டி உதவாது, தோண்டிக்கொண்டு இறங்கும். மணலில் காற்றைக் குறைப்பதுதான் வழி.

எச்டி எனப்படும் சாதாரண ரோட்டு ரயர் ஏ9இல் மிக நன்றாக ஓடும், மழையிலும் பிடிப்பு நல்லது. உங்கள் கிறவல் துண்டு குறுகியதாகவும் நன்றாக இறுகியதாகவும் இருந்திருந்தால் நான் எச்டியையே சொல்லியிருப்பேன். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வன்னிச் செங்கிறவல் மேலே வழுக்கும் பசையாகிவிடும். கோடையில் அதே ரோட்டில் உருண்டைக் கல் மேலெழுந்து நிற்கும். பாரத்தோடு ஏற்றத்தில் இழுக்கும்போது பின் சில்லு கொஞ்சம் சுழலும், அந்தச் சுழற்சியில்தான் எச்டியின் மென்மையான விளிம்புகள் பிய்கின்றன. ஒருமுறை கிறவலில் ஓடிவிட்டு வந்து பின் ரயரைக் குனிந்து பாருங்கள்: கட்டைகளின் ஓரத்தில் நகத்தளவுத் துண்டுகள் போயிருக்கும், வெட்டுக்குள் கல் இறுகியிருக்கும். ஏடியில் கல் உட்காராதபடி வெட்டின் அடியில் சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள், ரப்பரும் கிழிவைத் தாங்கும் வகை. கட்டைகள் நெருக்கமாகவும் நடுவில் ஒன்றோடொன்று கோத்தும் இருக்கிற ஏடியைத் தேர்ந்தெடுங்கள். எம்டி மாதிரித் தோற்றம் காட்டுகிற ஏடியும் இப்போது வருகிறது, அதை விடுங்கள்.

கிறவலில் காற்றைக் குறைக்கலாமா என்று கேட்பீர்கள். பாரம் இல்லாமல் போகும்போது கொஞ்சம் குறைத்தால் கல் அடி குறையும், குலுக்கமும் குறையும். தண்ணீரோடு போகும்போது குறைக்காதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். பூநகரிப் பக்க ஒழுங்கைகளில் உடைமுள் எந்த ரயரையும் குத்தும், அதற்கு மருந்தில்லை. பிக்கப்பின் பின் சில்லுகளுக்குப் பின்னால் அகலமான மட்கார்ட் ரப்பர் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் எறிபடுகிற கல் தாங்கியிலும் குழாய் வால்விலும்தான் படும்.

அளவைக் கூட்டி உயரமான ரயர் போடுகிற ஆசை இருந்தால் இழுவை வாகனத்தில் அதைத் தவிருங்கள். சில்லு பெரிதானால் இழுவைச் சக்தி குறையும், பிறேக்கின் வேலை கூடும், வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். நான்கு சில்லு இழுவை உள்ள வாகனம் என்றால் நான்கும் ஒரே அளவாக, ஒரே வகையாக இருக்க வேண்டும்.

வாங்கும்போது திகதியைப் பாருங்கள். பக்கத்தில் டொட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ட்ரெயிலர் ரயர் தேய்ந்து சாவதைவிடக் கிடந்து சாவதுதான் அதிகம். வெட்டு ஆழமாக இருக்கும், பக்கத்தில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். ஆறு வருடம் தாண்டியதைப் பாரத்துக்கு நான் நம்புவதில்லை. பாவித்த ரயரையும் ரீபில்ட் பண்ணியதையும் ட்ரெயிலருக்கும் பின் அச்சுக்கும் போடாதீர்கள்.

ஆறும் ஒரே நேரத்தில் வாங்கக் காசு போதாது என்றால் ட்ரெயிலரின் இரண்டையும் முதலில் மாற்றுங்கள், அதே அளவில் ட்ரெயிலருக்கு ஒரு ஸ்பெயரும் சேர்த்து. பிக்கப்பின் ஸ்பெயர் ட்ரெயிலருக்குப் பொருந்தாது என்பது மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவில் தெரியவந்தால் அன்றைய நாள் முடிந்தது. பிறகு பிக்கப்பின் நான்கு. உங்கள் ட்ரெயிலர் ரயரில் இப்போது இருக்கிற அளவையும் எண்ணையும் ரிம்மின் துளை எண்ணிக்கையையும் கீழே எழுதுங்கள், அதற்குப் பொருந்துகிற சி ரயர் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.