தழும்பு சின்னது, ஆபரேஷன் சின்னதில்ல
(வாசகர் கேள்வி – டாக்டர் பதில்)

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு கல்லீரல் சுருங்கிப்போச்சு, மாத்தியே ஆகணும்னு சொல்லிட்டாங்க. 23 வயசு பொண்ணு, நான் தர்றேன் அப்பாவுக்குன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. சொந்தக்காரங்க எல்லாம் கல்யாணம் ஆகாத பொண்ணு, வயித்துல அவ்ளோ பெரிய கோடு போட்டா நாளைக்கு யாரு கட்டுவாங்கறாங்க. இப்ப சின்ன ஓட்டை போட்டே எடுக்கறாங்களாமே, அது சேஃபா டாக்டர்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முதல்ல அந்த சொந்தக்காரங்களை கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்கம்மா. ஓட்டை போட்டு எடுக்கலாம், நல்லாவே பண்றாங்க. ஓப்பன் முறையில வலது விலாவுக்குக் கீழ ஜே எழுத்து மாதிரி பெருசா கீறுவாங்க, அதுல வயித்துச் சதையும் சேர்ந்து அறுபடும். அதனாலதான் அவ்ளோ வலி, இருமவே பயமா இருக்கும், சிலருக்கு பின்னாடி அதே இடத்துல ஹெர்னியாவும் (குடலிறக்கம்) வரும். லேப்ராஸ்கோபியில, அதாவது நீங்க கேக்கற ஓட்டை முறையில, மேல அஞ்சு சின்ன துளை, அப்புறம் அடிவயித்துல சிசேரியனுக்கு போடற மாதிரி ஒரு வெட்டு, அவ்ளோதான், புடவை கட்டினா வெளிய தெரியாது. வலி கம்மி, ரத்தம் கம்மியா போகும், சீக்கிரம் எழுந்து நடப்பாங்க.

ஆனா குறையறது வெளிய போடற வெட்டு மட்டும்தான். உள்ள நடக்கறது அதே ஆபரேஷன். பெரியவங்களுக்குக் குடுக்கறதுன்னா பெரும்பாலும் வலது பக்கக் கல்லீரல், அதாவது மொத்தத்துல 60 சதவீதத்துக்கு மேல போகும், கூடவே பித்தப்பையும் போகும். மிச்சம் குறைஞ்சது 30 சதவீதமாவது இருக்கணும்னு ஸ்கேன்ல அளந்து பாத்துட்டுத்தான் கைய வைப்பாங்க. அது ரெண்டு மூணு மாசத்துல பெரும்பாலும் வளந்துடும். இருந்தாலும் பித்தம் கசியலாம், ரத்தம் போகலாம். வலது பக்கம் குடுக்கறவங்கள்ல ஆயிரத்துல ரெண்டுலேருந்து அஞ்சு பேர் வரைக்கும் உயிருக்கே ஆபத்துன்னுதான் பொதுவா சொல்றது, துளை போட்டு பண்ணா அந்த ரிஸ்க் போயிடும்னு நினைச்சுக்காதீங்க. சர்ஜன்கிட்ட தழும்பைப் பத்தி கடைசியா கேளுங்க. இந்த முறையில எத்தனை பேருக்கு பண்ணிருக்கீங்க, பாதியில எத்தனை பேருக்கு ஓப்பன் பண்ண வேண்டி வந்துச்சு, பித்தக் கசிவு எத்தனை பேருக்கு, முதல்ல இதைக் கேளுங்க. கேட்டா கோவப்படற ஆஸ்பத்திரின்னா வேற இடம் பாருங்க.

இன்னொண்ணு, பொண்ணை டாக்டர்கிட்ட தனியா பேச விடுங்க, நீங்க பக்கத்துல இருக்காதீங்க. அவளுக்கு மனசுல பயம் இருந்து வேண்டாம்னு சொன்னா, நல்ல டீமா இருந்தா வீட்ல இருக்கறவங்ககிட்ட "டோனரா (தானம் குடுக்கறவரா) எடுக்க முடியல"ன்னு மட்டும் சொல்லி முடிச்சுடுவாங்க, அவ பேர் வெளிய வராது. கல்யாணம், குழந்தை ரெண்டுக்கும் இதால தடை இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு குழந்தைக்கு மட்டும் ஒரு வருஷம் மாதிரி தள்ளிப்போடச் சொல்வாங்க.

கேள்வி: துளை வழியா அவ்ளோ பெரிய கல்லீரல் எப்படி சார் வெளிய வரும்? துண்டு துண்டா வெட்டியா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: வெட்டினா அது தானம் இல்ல தம்பி, கொத்துக்கறி. வயித்துல கார்பன் டை ஆக்ஸைடு கேஸை நிரப்பி கொஞ்சம் இடம் பண்ணிக்கிட்டு, கேமராவைப் பாத்தே கல்லீரலை ரெண்டா பிரிப்பாங்க, அதுக்கே பல மணி நேரம் ஆகும். எங்க வெட்டறதுங்கறதுலதான் வேலையே இருக்கு. வலது பக்கத்துக்குப் போற ரத்தத்தை கொஞ்ச நேரம் அடைச்சுட்டு ஐசிஜின்னு ஒரு சாயத்தை நரம்புல ஏத்துவாங்க, ஸ்பெஷல் கேமராவுல பாத்தா இடது பக்கம் மட்டும் பச்சையா ஒளிரும், வலது இருட்டா நிக்கும், அந்த எல்லைதான் வெட்டற கோடு. பித்தக்குழாயும் அதே சாயத்துல பச்சையா தெரியும். ரத்தக்குழாய்களை கடைசி வரைக்கும் வெட்டவே மாட்டாங்க. அடிவயித்து வெட்டை ரெடி பண்ணி, உள்ள ஒரு பிளாஸ்டிக் பையில அந்தத் துண்டை போட்டு, பக்கத்து ஆபரேஷன் தியேட்டர்ல வாங்கறவர் டீம் "ரெடி"ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் ஒவ்வொரு குழாயா கிளிப் போட்டு வெட்டி, முழுசா அடிவயித்து வழியா எடுப்பாங்க. எடுத்த உடனே ஐஸ் மேல வச்சு குளிர்ந்த திரவத்தால கழுவுவாங்க. அந்த சில நிமிஷத்துல யாரும் பேச மாட்டாங்க.

கேள்வி: இது புதுசா வந்த டெக்னிக்தானே, நம்ம ஊர்ல நம்பலாமா?
– வாசகர், சேலம்

பதில்: உயிரோட இருக்கறவங்ககிட்டேருந்து கல்லீரலை எடுத்து வச்சு முதல்ல ஜெயிச்சது 1989-ல, ஆஸ்திரேலியா பிரிஸ்பேன்ல. இந்தியாவுல 1998-ல, டெல்லி அப்போலோவுல, ஒரு குழந்தைக்கு, அந்தக் குழந்தை நம்ம காஞ்சிபுரம், குடுத்தது அப்பா. லேப்ராஸ்கோபியில டோனருக்கு பண்ணினதா முதல்ல 2002-ல ஃபிரான்ஸ்லேருந்து டானியல் ஷெர்க்கிங்கற சர்ஜனோட டீம் எழுதினாங்க, அதுவும் குழந்தைங்களுக்காக எடுக்கற சின்ன இடது துண்டுதான், அது ஓரத்துல இருக்கு, எடுக்க சுலபம். வலது பக்கத்துக்கு வர இன்னும் பல வருஷம் ஆச்சு, அதுல பெரிய பங்கு கொரியாக்காரங்களுக்கு. ஆசியாவுல மூளைச்சாவு தானம் கம்மி, வீட்டு ஆளுங்கதான் டோனர், அதனால கையும் இங்கதான் பழகிச்சு. இப்ப கொச்சி அம்ருதா ஆஸ்பத்திரி, சென்னைன்னு நம்ம பக்கமே ரோபோட் வச்சும் பண்றாங்க. அதனால ஊரைப் பாக்காதீங்க, டீமைப் பாருங்க.

கேள்வி: ரோபோட்னா அதுவா ஆபரேஷன் பண்ணுமா?
– வாசகி, கரூர்

பதில்: பண்ணாது. பக்கத்துல கன்சோல்ல, அதாவது அதை இயக்கற மேஜையில, உக்காந்து சர்ஜன்தான் கைய ஆட்டறாரு, அது அப்படியே செய்யும். நுணுக்கமா தைக்க வசதி, பில்லும் கூடும்.

கேள்வி: என் தம்பி எனக்குத் தர்றான். அவனுக்கு பித்தக்குழாய் அமைப்பு வேற மாதிரி இருக்கு, ஓப்பன்தான்னு சொல்லிட்டாங்க. இவங்களுக்கு லேப்ராஸ்கோபி தெரியலையோ?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தெரிஞ்சதாலதான் சொல்லிருக்காங்க. நிறைய பேருக்கு வலது பக்கக் குழாய் ஒண்ணா இல்லாம ரெண்டா பிரிஞ்சு வரும், வெட்டற இடம் ஒரு மில்லிமீட்டர் தப்பினா தம்பிக்கும் பிரச்சனை, உங்களுக்கும் பிரச்சனை. போர்ட்டல் வெயின், அதாவது கல்லீரலுக்கு ரத்தம் கொண்டு வர்ற பெரிய குழாய், அதோட அமைப்பு மாறி இருந்தாலும், துண்டு ரொம்ப பெருசா இருந்தாலும் இதே கதைதான். லேப்ராஸ்கோபியில ஆரம்பிச்சு நடுவுல ஓப்பனுக்கு மாறினாலும் அதை தோல்வின்னு நினைக்காதீங்க. டோனருக்கு நல்லதுன்னா மாறத்தான் வேணும்.

கேள்வி: நான் மூட்டை தூக்கற வேலை பாக்கறேன். அண்ணனுக்குக் குடுத்தா திரும்ப எப்ப வேலைக்குப் போகலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: துளை போட்டு பண்ணாலும் உங்க வேலைக்கு அவசரப்படாதீங்க. ஆபீஸ்ல உக்காந்து பாக்கறவர் ஒரு மாசம் மாதிரி போயிடுவாரு, நீங்க மூட்டை தூக்க ரெண்டு மூணு மாசம் ஆகும்னு வச்சுக்கோங்க, டாக்டர் பாத்து சொல்லாம தூக்கவே கூடாது. கேஸ் ஏத்தினதால ரெண்டு நாள் தோள்பட்டை வலிக்கும், அது தானா போயிடும். காய்ச்சல், வயித்து வலி, கண்ணு மஞ்சள், இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, மறுநாள் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. குடிப்பழக்கம் இருந்தா இப்பவே விட்டுடுங்க, இல்லன்னா டோனர் டெஸ்ட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. முக்கியமா அந்த ரெண்டு மூணு மாசக் கூலிக்கு என்ன வழின்னு அண்ணன் வீட்ல அட்மிஷனுக்கு முன்னாடியே பேசி முடிச்சுக்கோங்க. காப்பீடு இருந்தா அண்ணன் ஆபரேஷன் செலவு அதுல வரலாம், உங்க கூலி வராது.