மேக்கப் சாமானை எல்லாம் ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

கேள்வி: காட்பாடியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஆன்லைனில் தள்ளுபடியில் வாங்கிய வைட்டமின் சி சீரம் மூன்றே வாரத்தில் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. சன்ஸ்கிரீனைப் பிதுக்கினால் முதலில் எண்ணெய்த் தண்ணீர்தான் வருகிறது. எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமா? இதற்கென்றே விற்கும் குட்டி ஃப்ரிட்ஜை வாங்கச் சொல்கிறாள் தோழி.

தோல் மருத்துவர் பதில்: குட்டி ஃப்ரிட்ஜ் வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல சன்ஸ்கிரீன் சில டியூப் வாங்கிவிடலாம்.

க்ரீம், லோஷன், பவுடர், லிப்ஸ்டிக் எதற்கும் ஃப்ரிட்ஜ் குளிர் தேவையில்லை. சூடு ஏறாத, வெயில் படாத, ஈரம் இல்லாத இடம் போதும். லேபிளில் 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் போட்டுவிட்டுக் கம்பெனிகள் கழன்றுகொள்கின்றன. வேலூரில் கத்திரி வெயில் 40, 42 என்று அடிக்கும்போது குளிர்ந்த இடத்துக்கு எங்கே போவது? 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலான க்ரீம்கள் தாங்கும். சூடு மேலேதான் தங்கும் என்பதால் லாஃப்ட், பீரோவின் மேல்தட்டு, ஜன்னலோரக் கண்ணாடி மேஜை மூன்றும் ஆகாது. பாத்ரூமும் ஆகாது. பீரோவின் அடித்தட்டில் வையுங்கள். பீரோ மேற்குச் சுவரை ஒட்டி நின்றால் சாயங்காலம் அதன் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சுடும். அப்படியானால் வேறு சுவர் பக்கம் நகர்த்துங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் அடித்தட்டும் சுடுகிறது என்றால் மண்பானை இருக்கிறது. பெரிய பானையில் மணலைக் கொட்டி, நடுவே சின்னப் பானையை இறக்கி, மணலை மட்டும் ஈரமாக வைத்திருங்கள். சாமானை இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள். நம் ஊர்க் கோடைக்காற்று வறண்டது, ஈரம் சீக்கிரம் ஆவியாகும், பானை நன்றாகவே குளிரும். மழைக்காலத்தில் இது வேலை செய்யாது, தேவையும் இல்லை.

பிரிந்துபோன சன்ஸ்கிரீனைக் குலுக்கிப் பூசாதீர்கள். முகத்தில் ஒரு பக்கம் மருந்து, இன்னொரு பக்கம் வெறும் எண்ணெய் என்றுதான் படியும். தூக்கிப் போடுங்கள்.

ஃப்ரிட்ஜுக்குப் போகவேண்டிய ஒரே சாமான் உங்கள் வைட்டமின் சி சீரம்தான். அது சாதாரணமாகவே காற்றோடு சேர்ந்து கெடும். வெளிச்சமும் சூடும் பட்டால் இன்னும் சீக்கிரம் கெடும். இளமஞ்சள் சரி. டீ நிறம் வந்துவிட்டால் பலன் போயிற்று, தோலில் கறையும் படியலாம். புதிதாக வாங்கினால் அடர்நிறப் பாட்டிலாகப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடு அடிக்கும். நடுத்தட்டில், உள்ளே தள்ளி, மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். காலையில் எடுத்ததும் பாட்டில் வியர்த்திருக்கும். முதலில் துணியால் துடைத்துவிட்டு மூடியைத் திறங்கள், ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே இறங்கக் கூடாது. வேண்டியதை எடுத்தவுடன் மூடி உள்ளே வைத்துவிடுங்கள். பல் தேய்த்து, தலை வாரி முடிக்கும் வரை வெளியே நிற்கவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்ததற்கே அர்த்தமில்லை. மின்சாரம் போனால் பதற வேண்டாம், கதவைத் திறக்காமல் விடுங்கள்.

ஆனால் மூன்று வாரம் என்றதும் எனக்கு உங்கள் கூரை மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. தள்ளுபடியில் வரும் சீரம் எத்தனை மாதம் எந்தத் தகரக் குடோனில் கிடந்தது, கொரியர் வண்டியில் எத்தனை மதியம் வெந்தது என்று யார் பார்த்தார்கள்? என் கிளினிக்குக்கு வந்த ஒரு பெண், வாட்ஸ்அப் குழுவில் பாதி விலைக்கு வாங்கிய க்ரீமைக் காட்டினார். டப்பாவின் அடியில் இருந்த தேதி ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளினேன். கீழே இன்னொரு தேதி. அது முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மூடியைத் திறந்தால் பழைய தேங்காய் எண்ணெயின் சிக்கு வாசனை.

அதனால் வாங்கும்போதே பாருங்கள். தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது மூன்றும் டப்பாவில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவு எண் வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். 'அக்காவுக்கு மட்டும் இந்த ரேட்' என்பவர்களிடம் பில் கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். லேபிள் இல்லாத குட்டி டப்பாவில் வழித்துக் கொடுக்கும் 'நைட் க்ரீம்' பக்கமே போகாதீர்கள். ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்த க்ரீமை எந்தக் குளிரில் வைத்தாலும் அது முகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு ஆணை போட்டது. இன்றைக்கும் மருந்துக்கடை கவுன்டரில் பெயரைச் சொன்னால் கையில் கிடைக்கிறது. கெட்டுப்போன முகத்தோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கடையைச் சோதிக்க வரும் அதிகாரிகளுக்கு மட்டும் இந்த விற்பனை கண்ணில் படுவதே இல்லை.

பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு ஜெல் வைத்திருந்தால் அதையும் சூட்டில் விடாதீர்கள். அது உடைந்து பென்சீன் என்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக மாறக்கூடியது. வண்டி டிக்கியில் ஒரு மதியம்கூட வேண்டாம்.

கண் மையும் மஸ்காராவும் திறந்து மூன்று மாதம்தான். டப்பாவில் 6 எம், 12 எம் என்று திறந்த மூடிப் படத்தோடு போட்டிருப்பது, திறந்தபின் எத்தனை மாதம் என்பதற்கு. திறந்த அன்றே மார்க்கரால் அடியில் தேதி எழுதுங்கள். டப்பாவில் வரும் க்ரீமை ஈரக்கையை உள்ளே விடாமல் சின்ன ஸ்பூனால் எடுங்கள்.

தீர்ந்த பாட்டிலை அப்படியே பழைய சாமான் கடைக்குப் போடாதீர்கள். லேபிளைச் சுரண்டிவிட்டு, அட்டைப் பெட்டியை நாலாகக் கிழித்துப் போடுங்கள். அந்தப் பாட்டிலிலேயே எதையாவது ஊற்றி நிரப்பி, அடுத்த வாட்ஸ்அப் குழுவில் விற்க ஆள் இருக்கிறது.