மாடர்ன் பேஸ்பால் கார்டுகளை இப்போதே விற்பதா, வைத்திருப்பதா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். 2018 முதல் 2024 வரை பிரித்த பாக்கெட்டுகளிலிருந்து விலை போகக்கூடிய பேஸ்பால் கார்டுகள் முப்பது சேர்ந்திருக்கின்றன. நட்சத்திர ஆட்டக்காரர் ஓட்டானியின் 2018 டாப்ஸ் குரோம் ரூக்கி கார்டு (மேஜர் லீக்கில் நுழைந்த வருடத்துக் கார்டு) இரண்டு, மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கில் ஆடும் ஒரு இளம் பிட்சரின் போமன் குரோம் ஆட்டோகிராஃப் (கோல்ட், 50 பிரதிகளில் ஒன்று), மீதியெல்லாம் பலதரப்பட்ட ரிஃப்ராக்டர்கள் (வெளிச்சத்தில் வானவில் போல மின்னும் கார்டுகள்). எதற்கும் கிரேடிங் (நிறுவனத்துக்கு அனுப்பி, கார்டின் நிலைக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வாங்குவது) செய்யவில்லை. விற்கலாமா, பத்து வருடம் வைத்திருக்கலாமா?

பதில்:

முப்பதுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பவை மூன்று விதமான சரக்கு, மூன்றுக்கும் பதில் வேறு.

முதலில் ஒரு விஷயம். அந்தக் கால ஆட்டக்காரர் மிக்கி மேண்டிலின் 1952 டாப்ஸ் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்குப் போனது. அந்தச் செய்தியை வைத்து உங்கள் கார்டை எடை போட முடியாது. மேண்டிலுக்கு இனிமேல் முழங்கை கிழியாது, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்க மாட்டார், ஃபார்ம் போகாது. அவர் கணக்கு முடிந்துவிட்டது. உங்கள் கார்டில் இருப்பவர்களோ இன்றைக்கு ராத்திரியும் மைதானத்தில் இறங்குவார்கள். அதனால் மாடர்ன் கார்டு எதை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஆட்டக்காரர் தன் வாழ்க்கையில் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதைத்தான். அட்டையின் பளபளப்பு அப்புறம்.

அந்த இளம் பிட்சரின் கோல்ட் ஆட்டோவை விற்றுவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

காரணம் சொல்கிறேன். போமன் குரோமில் '1st' முத்திரையோடு வரும் ஆட்டோகிராஃப்தான் சந்தையில் ஒரு இளைஞரின் முதன்மையான கார்டு. மேஜர் லீக்குக்கு வந்த பிறகு அச்சாகும், 'ஆர்.சி.' முத்திரை போட்ட ரூக்கி கார்டைவிட இதற்குத்தான் பொதுவாக விலை அதிகம். அதற்குள்ளேயே நிற வரிசை இருக்கிறது: சாதா ரிஃப்ராக்டர் 499 பிரதி, பர்ப்பிள் 250, ப்ளூ 150, கிரீன் 99, கோல்ட் 50, ஆரஞ்சு 25, ரெட் 5, கடைசியாக ஒன்றே ஒன்று அச்சாகும் சூப்பர்ஃப்ராக்டர். உங்கள் கோல்ட் இந்த வரிசையில் நல்ல இடத்தில் இருக்கிறது. ஆனால் வாங்குகிறவர் கொடுக்கும் பணம் அந்தப் பையன் இதுவரை செய்ததற்கு இல்லை, இனி செய்வான் என்ற நினைப்புக்கு. அந்த நினைப்பு உச்சத்தில் இருப்பது அவன் மேஜர் லீக்குக்கு ஏறும் அந்த ஒன்றிரண்டு வாரம். ஏறிய பிறகு அடுத்த படி விலை ஏற, அவன் சும்மா நன்றாக ஆடினால் போதாது, எல்லோரும் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆட வேண்டும்.

பிட்சர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் நினைவிருக்கலாம். 2010 ஜூனில் முதல் ஆட்டத்திலேயே 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அந்த வருடமே அவருடைய போமன் குரோம் சூப்பர்ஃப்ராக்டர் ஈபேயில் 16,000 டாலருக்கு மேல் போனது. கோடை முடிவதற்குள் முழங்கை தசைநார் கிழிந்து டாமி ஜான் அறுவை சிகிச்சை. பிறகு மீண்டு வந்து 2019 வேர்ல்டு சீரிஸில் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார், 24.5 கோடி டாலர் ஒப்பந்தமும் போட்டார். அதற்குப் பிறகு காயங்களால் எட்டே ஆட்டங்கள் வீசிவிட்டு ஓய்வு. இது சாதாரண ஆளின் கதை இல்லை, ஜெயித்தவரின் கதை. பிட்சர் கார்டு என்றாலே முழங்கையை நம்பிப் பணம் போடுவதுதான். அடிக்கிறவர்களுக்கும் பாதுகாப்பு கிடையாது. வாண்டர் ஃப்ராங்கோ ஒரு காலத்தில் வளரும் ஆட்டக்காரர்களின் எல்லாப் பட்டியலிலும் முதல் இளைஞர். 2023 ஆகஸ்டில் அவர் மீது விசாரணை தொடங்கியதும் கார்டு விலை தரைமட்டமானது.

ஆக, அந்தப் பையன் மேலே ஏறப்போகிறான் என்ற பேச்சு அடிபடும்போது விற்றுவிடுங்கள். அப்படி ஒரு பேச்சு இல்லையென்றால், பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, ஸ்பிரிங் டிரெயினிங் தொடங்கி சீசன் சூடு பிடிக்கும் சமயம் நல்லது. நவம்பர், டிசம்பரில் போடாதீர்கள். அப்போது எல்லோரும் ஃபுட்பால், பாஸ்கெட்பால் பக்கம் இருப்பார்கள். பையன் மேல் பாசம் இருந்தால், கோல்டை விற்ற பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து அவனுடைய நிறமில்லாத சாதா ஆட்டோ ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று அச்சான கார்டு கையில் வந்தவர்களுக்கும் இந்தக் கணக்குதான். பால் ஸ்கீன்ஸின் அறிமுக ஆட்டச் சட்டையின் பேட்ச் பதித்த கார்டு லாஸ் ஏஞ்சலஸில் 11 வயதுப் பையன் ஒருவனுக்குக் கிடைத்தது. ஸ்கீன்ஸ் ஆடும் பைரேட்ஸ் அணி அதற்கு ஈடாக 30 வருடத்துக்கு ஹோம் பிளேட் பின்னால் இரண்டு சீசன் டிக்கெட் தருவதாகச் சொன்னது. குடும்பம் அதை ஏற்காமல் ஏலத்துக்கு அனுப்பியது. 2025 மார்ச்சில் 11.1 லட்சம் டாலர். ஸ்கீன்ஸும் பிட்சர்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அது தெளிவான முடிவு.

ஓட்டானி கார்டுகள் வேறு ரகம். நான்கு எம்.வி.பி. (சீசனின் மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருது வாங்கியவர், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வாங்க ஆள் இருக்கிறார்கள், எந்த நாளில் போட்டாலும் விற்கும். வைத்திருக்கத் தகுதியான கார்டு. ஆனால் இரண்டு தப்புக் கணக்கு போடாதீர்கள். ஒன்று, ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தால் விலை பாயும் என்பது. அவர் சேர்வார் என்று எல்லோருக்கும் தெரியும், அந்த எதிர்பார்ப்பு இன்றைய விலையிலேயே இருக்கிறது. இரண்டு, 2018 குரோம் சாதாப் பிரதி அரிது என்பது. அதில் சீரியல் நம்பர் கிடையாது, 10 கிரேடு வாங்கிய பிரதிகளே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கிரேடிங் நிறுவனமான பி.எஸ்.ஏ.வின் பாப் ரிப்போர்ட்டை (எந்தக் கிரேடில் எத்தனை பிரதி என்ற பட்டியல்) பாருங்கள், இலவசம்தான்.

'இவர் உறுதி' என்ற ஆளுக்கும் என்ன ஆகும் என்பதற்கு மைக் ட்ரவுட் இருக்கிறார். 2020 ஆகஸ்டில் அவருடைய 2009 போமன் சூப்பர்ஃப்ராக்டர் 39.3 லட்சம் டாலருக்குப் போனபோது மூன்று எம்.வி.பி. கையில். 2021-இல் 36 ஆட்டம், 2024-இல் 29 ஆட்டம் மட்டுமே காயமில்லாமல் ஆட முடிந்தது. கொரோனா கால உச்சத்தில் அவர் கார்டை வாங்கியவர்களில் நிறையப் பேர் இன்னும் நஷ்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் ஓட்டானி இரண்டில் ஒன்றை விற்று, நல்ல பிரதியை வையுங்கள். எது நல்ல பிரதி என்பதற்குத்தான் கொஞ்சம் வேலை இருக்கிறது.

வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு ஒன்று, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் ஒன்று, மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்று போதும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, கார்டை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். முன்பக்கத்தை விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாய்த்தால், குரோம் கார்டுகளில் மேலிருந்து கீழே ஓடும் மெல்லிய கோடு தெரியலாம். அது கீறல் இல்லை, அச்சு உருளையின் தடம். தொழிற்சாலையிலேயே வந்தது என்றாலும் கிரேடு குறையும். ஊசி முனை அளவு சிறு பள்ளங்களும் அப்படித்தான், நேராகப் பார்த்தால் தெரியாது. பின்பக்க மூலைகளில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று லூப் வைத்துப் பாருங்கள். அடுத்து சென்டரிங், அதாவது படம் சரியாக நடுவில் இருக்கிறதா என்பது. இடது பார்டர் 1.5 மி.மீ., வலது 2 மி.மீ. என்றால் அது 43/57. பி.எஸ்.ஏ. 10 வாங்க முன்பக்கம் 55/45-க்குள் இருக்க வேண்டும், பின்பக்கத்துக்கு 75/25 வரை விடுவார்கள். ஆக அந்த அரை மில்லிமீட்டரில் 10 போச்சு. கைரேகை இருந்தால் உலர்ந்த மைக்ரோ ஃபைபர் துணியால் லேசாக ஒற்றலாம். பாலிஷ், திரவம் எதுவும் வேண்டாம், கண்டுபிடித்தால் 'மாற்றப்பட்டது' என்று கிரேடே போடாமல் திருப்பிவிடுவார்கள்.

கிரேடிங்குக்கு அனுப்புவதற்கு முன் ஒரு கணக்கு. கிரேடு இல்லாமல் 150 டாலர், 9 கிரேடில் 125, 10 கிரேடில் 300 போகும் கார்டு என்று வையுங்கள். 9-இன் விலை கிரேடு இல்லாததைவிடக் குறைவா என்று திகைக்க வேண்டாம், மாடர்ன் கார்டில் இது சகஜம். கிரேடு இல்லாத கார்டில் '10 வருமோ' என்ற ஆசை இருக்கிறது, 9 அந்த ஆசையைக் கொன்றுவிட்டது. கிரேடிங் கட்டணம், போக வர தபால் எல்லாம் சேர்த்து 40 டாலர், விற்பனைக் கட்டணம் 13% என்று போட்டால், 10 வரும் வாய்ப்பு 41 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அனுப்புவதில் லாபம். 8 வந்தால் இன்னும் அடி. கார்டின் மதிப்பு கூடினால் கிரேடிங் கட்டணமும் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கோல்ட் ஆட்டோவில் ஏறும் செய்தி வந்துவிட்டால் கிரேடிங்குக்கு அனுப்பிக் காத்திருக்காதீர்கள், கார்டு திரும்பி வருவதற்குள் சூடு ஆறிவிடும்.

விலை பார்க்கும்போது ஈபேயில் விற்க வைத்திருக்கும் விலையை நம்ப வேண்டாம், ஆசைக்கு ஏது அளவு! 'சோல்டு' வடிகட்டியைப் போட்டு, அதே வருடம், அதே நிறம், அதே கிரேடு, கடைசி ஐந்தாறு விற்பனையைப் பாருங்கள். 'பெஸ்ட் ஆஃபர்' என்று அடித்துக் காட்டப்படும் விலையில் அது விற்கவில்லை, அதைவிடக் குறைவாகத்தான் போயிருக்கும்.

கைக்கு வருவது எவ்வளவு? 300 டாலருக்கு விற்கிறீர்கள், தபால் 5, வாங்குபவர் கட்டும் விற்பனை வரி 24 என்றால் மொத்தம் 329. ஈபே தன் 13.25 சதவீதத்தை இந்த 329-க்கும் சேர்த்தே எடுக்கும். 44 டாலர் போய், தபால் செலவும் போனால் 256 பக்கம் மிஞ்சும். பல ஆயிரம் டாலர் கார்டு என்றால் கோல்டின், ஹெரிடேஜ், ஃபனாட்டிக்ஸ் கலெக்ட் போன்ற ஏல நிறுவனங்களிடம் பேசுங்கள், விலை பெரிதானால் விற்பவருக்கான கமிஷனைக் குறைக்கப் பேரம் பேசலாம்.

அந்த இருபத்துச் சொச்சம் ரிஃப்ராக்டர்களில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஒவ்வொன்றாகப் போட்டால் கட்டணமும் கவரும் தின்றுவிடும். ஒரே அணி அல்லது ஒரே ஆட்டக்காரர் என்று கட்டுக் கட்டாகப் போடுங்கள், இல்லையென்றால் கார்டு ஷோவுக்கு எடுத்துப் போங்கள். அங்கே வியாபாரிகள் சந்தை விலையில் 60 முதல் 80 சதவீதம் வரைதான் சொல்வார்கள், ஆனால் கையில் காசு வாயில் தோசை. முதலில் சொல்லும் விலைக்கே தலையாட்டிவிடாதீர்கள்.

வரியை நிறையப் பேர் மறக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் கார்டு லாபத்துக்கு மத்திய வரி அதிகபட்சம் 28%, பங்குகளுக்கான 20% இங்கே கிடையாது. ஒரு வருடத்துக்குள் என்றால் சம்பளத்துக்குரிய விகிதமே. கார்டுக்குக் கார்டு மாற்றிக்கொண்டாலும் 2018 முதல் அது விற்பனை மாதிரிதான் கணக்கில் வரும். விற்பனைத் தளம் வரித்துறைக்கு அனுப்பும் 1099-கே படிவம் 20,000 டாலரும் 200 விற்பனையும் தாண்டினால்தான் வரும், படிவம் வரவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகாது. பெட்டி வாங்கிய ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள்.

வைத்துக்கொள்ளும் ஓட்டானிக்கு பென்னி ஸ்லீவ் (மெல்லிய பிளாஸ்டிக் உறை), அதன்மேல் டாப்லோடர் (கெட்டி பிளாஸ்டிக் உறை). குரோம் கார்டு ஒரு பக்கம் பளபளப்பு அடுக்கு, மறுபக்கம் காகிதம்; ஈரம் மாறும்போது காகிதம் மட்டும் விரிந்து சுருங்குவதால் கார்டு வளையும். கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக், பேஸ்மென்ட் இரண்டும் கூடாது. 20 டிகிரி செல்சியஸ் பக்கம், ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம், வெயில் படாத அலமாரி. ஆட்டோகிராஃப் மை வெயிலில் வெளுத்துவிடும். வீட்டுக் காப்பீட்டில் சேகரிப்புப் பொருளுக்கு எவ்வளவு வரம்பு என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஏமாற்றும் தொகையாக இருக்கும்.

விற்றதை அனுப்பும்போது டாப்லோடரின் வாயை நீல நிற பெயின்டர்ஸ் டேப்பால் ஒட்டுங்கள், சாதா செல்லோடேப் பசை கார்டில் இறங்கும். இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைத்து, பபிள் கவரில், டிராக்கிங்கோடு. 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் ஈபே கையெழுத்து வாங்கும் டெலிவரி கேட்கிறது, அது இல்லாமல் 'வரவில்லை' என்று வாங்குபவர் புகார் செய்தால் பணம் அவர் பக்கம் போய்விடும். பெட்டியை மூடும் முன் சீரியல் நம்பர் தெரியும்படி முன்னும் பின்னும் போட்டோ எடுத்துவிடுங்கள்; வேறு பிரதியைத் திருப்பி அனுப்பி ஏமாற்றப் பார்ப்பவர்களுக்கு எதிராக அந்தப் போட்டோதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி.