பணம் புழங்கும் போனில் கஸ்டம் ரோம் வேண்டாம்

கேள்வி: 2019இல் வாங்கிய ரெட்மி நோட் 7 ப்ரோ வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு 10உடன் அப்டேட் நின்றுவிட்டது. திரையும் கேமராவும் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. எங்கள் ஊர் மொபைல் கடைக்காரர் 1,200 ரூபாய் கொடுத்தால் கஸ்டம் ரோம் போட்டுப் புதிய ஆண்ட்ராய்டு ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். என் மளிகைக் கடைக்கு வரும் ஜிபே பணமெல்லாம் இந்த போனில்தான். வங்கிச் செயலிகள் ஓடுமா? ஆபத்து ஏதும் உண்டா? – கோவில்பட்டி வாசகர்

பதில்: வங்கிச் செயலிகள் இன்று ஓடினாலும் நாளை ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கடைப் பணம் வரும் போன் என்பதால், போட வேண்டாம் என்பதே என் பதில்.

கஸ்டம் ரோம் என்பது தயாரிப்பாளர் அல்லாத பிறர் உருவாக்கிய ஆண்ட்ராய்டு. அதுவே கெட்ட பொருள் அல்ல. லினியேஜ்ஓஎஸ் போன்றவற்றைத் தன்னார்வலர்கள் நிரலை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைத்து உருவாக்குகிறார்கள். சிக்கல் அதைப் போடும் வழியில் இருக்கிறது. போனை இயக்கியதும் முதலில் ஓடும் சிறு நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர். தயாரிப்பாளரின் முத்திரை உள்ள இயங்குதளத்தை மட்டுமே அது ஓட விடும். கஸ்டம் ரோம் போட அந்தக் காவலைத் திறந்தாக வேண்டும். திறக்கும்போதே போனில் உள்ள படங்கள், செய்திகள் எல்லாம் அழிந்துவிடும். அதன் பிறகு உள்ளே யார் எதை ஏற்றினாலும் தடுக்க ஆள் இல்லை.

வங்கிச் செயலிகள் பல, இந்த போனை நம்பலாமா என்று கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையைக் கேட்கின்றன. பூட்லோடர் திறந்திருந்தால் நம்பாதே என்று பதில் வரும். பல ஆண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தமே வராத உங்கள் ஆண்ட்ராய்டு 10 அந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. போன மாதத் திருத்தம்வரை சேர்த்த நல்ல ரோம் தேறுவதில்லை. இதை எப்படிப் பாதுகாப்பு என்று சொல்கிறார்களோ தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 5 ஆண்டுகளுக்கு அப்டேட் கிடைக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கே அப்படி ஒரு கட்டாயம் இல்லாததால்தான் நல்ல நிலையில் உள்ள போனைத் தூக்கிக்கொண்டு நீங்கள் கடை கடையாகப் போக வேண்டியிருக்கிறது.

செயலி ஓடவில்லை என்று கடைக்காரரிடம் போனால், "ஒரு மாட்யூல் போட்டால் ஓடிவிடும்" என்பார். நான் மிகவும் அஞ்சுவது இந்த வாக்கியத்துக்குத்தான். அவர் சொல்லும் வேலைக்கு முதலில் போனை ரூட் செய்ய வேண்டும். அதாவது இயங்குதளத்தின் எந்த மூலையையும் தொடும் அதிகாரத்தைத் திறந்துவிட வேண்டும். பிறகு, டெலிகிராம் குழுவில் முகம் தெரியாத ஒருவர் போட்ட கோப்பை ஏற்றி, இது பூட்டிய போன்தான் என்று கூகுளிடம் பொய் சொல்ல வைக்க வேண்டும். அந்தக் கோப்பு வங்கியின் ஓடிபியைப் படிக்காது என்று உங்களுக்கு உறுதி தரக்கூடியவர் யார்? கூகுள் அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்து அடைக்கும் நாளில், வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது ஜிபே நின்றுபோகும். பணமே போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன தொகையை அவரே ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை சுற்றறிக்கையில் வகுத்தது. ரூட் செய்த போனைக் காட்டி, கவனக்குறைவு இல்லை என்று வாதாடுவது எளிதல்ல.

கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், தவறு நேராது என்பதில்லை. நோட் 7க்கு லாவெண்டர், நோட் 7 ப்ரோவுக்கு வயலட் என்று உள்பெயர்கள் உண்டு. வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறு. ஒன்றின் கோப்பை மற்றொன்றில் திணித்தால் போன் எழாமலே போகலாம். 2018இல் ரெட்மி நோட் 5 ப்ரோவில் பழைய பதிப்புக்குத் திரும்ப முயன்ற பலரின் போன்கள் அப்படித்தான் செங்கல்லாகின. பழைய பதிப்பை ஏற்க விடாத தடுப்பு வந்ததை அவர்கள் அறிந்திருக்கவில்லை. அப்படி நின்ற போனை எழுப்ப, தயாரிப்பு நிறுவனம் அனுமதித்த கணக்கு வேண்டும். அப்படிப்பட்ட கணக்கு தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கிக் காசு பறிக்கும் கூட்டம் ஒன்று இதற்கென்றே இருக்கிறது.

ரோம் மாற்றும்போது, ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாளமான ஐஎம்இஐ எண் அழிந்து சிக்னல் போவதும் உண்டு. அப்போது "வேறு எண் ஏற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

"ரோம் போட்ட பிறகு பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிட்டால் சரியாகிவிடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். ரெட்மியில் சரியாகாது. கஸ்டம் ரோம் இருக்கும்போது பூட்டினால், பூட்லோடர் என்னும் காவலர் தயாரிப்பாளரின் முத்திரை இல்லாததைப் பார்த்து போனையே எழவிடாமல் நிறுத்திவிடுவார். பூட்டலாம் என்பதற்கு ஒரே நிலைமைதான் உண்டு: தயாரிப்பாளரின் அசல் ரோம் முழுவதையும், அதே மாடலுக்கும் அந்த போன் விற்கப்பட்ட அதே நாட்டுக்கும் உரியதை ஏற்றி, அது ஒருமுறை ஒழுங்காக இயங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு பூட்டலாம். சீனாவில் விற்ற போனில் உலகப் பதிப்பை ஏற்றிப் பூட்டினால் அதுவும் நின்றுபோகும். ரோம் ஏற்றப் பயன்படும் மிஃப்ளாஷ் மென்பொருளில் "எல்லாவற்றையும் அழித்துப் பூட்டு" என்ற தேர்வு முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கும். அவசரத்தில் அதை மாற்ற மறந்து போனை இழந்தவர்கள் ஏராளம். கூகுள் பிக்சல் என்றால் கிராஃபீன்ஓஎஸ் என்ற கஸ்டம் ரோம் போட்டு, அதன் சொந்த முத்திரையோடு பூட்ட முடியும். உங்களிடம் இருப்பது பிக்சல் அல்ல.

வங்கிப் பணிக்கு அப்டேட் வரும் எளிய போன் ஒன்றை வாங்கி சிம்மை அதற்கு மாற்றுங்கள். நோட் 7 ப்ரோவில் ஜிபே, வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறிவிட்டுப் பாட்டு கேட்க, படம் பார்க்க வைத்துக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளும் ஆர்வம் இருந்தால் அந்த போனில் நீங்களே லினியேஜ்ஓஎஸ் முயன்று பாருங்கள். பூட்லோடரைத் திறக்க நிறுவனத்தின் அனுமதி கிடைக்கப் பெரும்பாலும் 168 மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் திறந்து தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

கடைக்காரரிடம் ஏற்கெனவே போனைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றே திரும்ப வாங்கி இயக்கிப் பாருங்கள். தொடக்கத் திரையில் "அன்லாக்டு" என்ற ஆங்கிலச் சொல்லோ திறந்த பூட்டின் படமோ தெரிந்தால் பூட்லோடர் திறக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் வேறொரு போனிலிருந்து கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையும் வங்கிச் செயலியின் எம்பின், யுபிஐ பின் எண்களையும் உடனே மாற்றிவிடுங்கள்.