வேட்டி கேட்கும் கேள்விகள்

கேள்வி: பெங்களூரில் ஐ.டி. வேலை. அலுவலகப் பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டினால் மதியத்துக்குள் நழுவிவிடுகிறது. இடுப்பு 42 அங்குலம். எட்டு முழம் வாங்கினால் சரியாகுமா? கூட வேலை செய்பவர்கள் ‘லுங்கி’ என்று கிண்டல் வேறு செய்கிறார்கள்.

எட்டு முழம் உங்களைக் காப்பாற்றாது. நான்கு முழம் என்பது சுமார் 1.80 மீட்டர், எட்டு முழம் 3.60. ஆனால் எட்டு முழத்தைப் பாதியாக மடித்துத்தானே கட்டுகிறோம்? சுற்றுவதற்குக் கிடைப்பது அதே 1.80தான். உள்ளே இருப்பது தெரியாது, அவ்வளவே. உங்கள் இடுப்பு 107 செ.மீ.; ஒரு சுற்றுப் போக மிஞ்சுவது 73 செ.மீ. அதுதான் நடக்கும்போது முன்பக்கம் விலகுகிறது. ஒற்றையில் 2 மீட்டர், இரட்டையில் 4 மீட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

நழுவலுக்குக் காரணம் வேறு. புது வேட்டியின் கஞ்சி மொடமொடப்பில் மடிப்பு பிடிக்காது. ஒருமுறை அலசிக் காயவைத்துக் கட்டுங்கள். பாலியஸ்டர் கலந்த துணி வழுக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஜீன்ஸ் நிற்கும் இடத்தில் வேட்டியைக் கட்டுவது. தொப்புள் மட்டத்துக்கு ஏற்றுங்கள். கால்களைச் சற்று அகட்டி நின்று (ஒட்டி நின்று கட்டினால் மாடிப்படி ஏற முடியாது), வலக்கை முனையை இடது இடுப்புக்கும், அதன்மேல் இடக்கை முனையை வலது இடுப்புக்கும் இழுத்து, வயிற்றை லேசாக எக்கி, மேல்விளிம்பை வெளிப்பக்கமாக மூன்று முறை சுருட்டுங்கள். கீழே கரை தரையில் புரளாமல் கணுக்காலில் நிற்க வேண்டும். அதற்கும் மேல் பயமாக இருந்தால் பெல்ட் போடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கிண்டலுக்கு: லுங்கி பெரும்பாலும் இரு முனையையும் சேர்த்து மூட்டியது, கட்டம் போட்டது, வேட்டி மூட்டாதது, வெள்ளை. இதைச் சொல்லலாம். ஆனால் “ஐயோ, இது லுங்கி இல்லை” என்று பதறாதீர்கள். அப்படிப் பதறினால் கைலி கட்டி வேலைக்குப் போகும் நம்மூர்க்காரரையும் சேர்த்துத்தான் இறக்குகிறீர்கள். மியான்மரில் அமைச்சர்கள் அலுவலுக்குக் கட்டி வருவதே லோஞ்சி என்னும் மூட்டிய லுங்கிதான்.

கேள்வி: தம்பி கல்யாணத்துக்குக் கரை வேட்டி எடுக்க வேண்டும். கட்சிக்காரன் என்று நினைத்துவிடாத கரை எது?

கருப்பு-சிவப்பு தி.மு.க.; நடுவே வெள்ளை வந்தால் அ.தி.மு.க.; மூவர்ணம் காங்கிரஸ். இந்தச் சேர்க்கைகளைத் தவிருங்கள். அரக்கு, கருநீலம் என்று ஒற்றை நிறத்தில் ஒரு விரல் அகலத்துக்கு எடுத்தால் வம்பில்லை. மயில்கண் கரையும் நல்லது. பழுப்பு வெள்ளையில் பொன் ஜரிகை எடுத்தால் கட்சி ஒட்டாது, ஆனால் “ஓணமா?” என்று கேட்பார்கள்.

கேள்வி: வேட்டி கட்டியவரை உள்ளே விடாமல் தடுத்தால் சட்டத்தில் இடம் உண்டா?

தமிழ்நாட்டுக்குள் உண்டு. 2014 ஜூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்க மன்றம் ஒன்றில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டிக்காக வாசலில் திருப்பி அனுப்பினார்கள். ஆகஸ்டில் சட்டமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்தவரை மன்றம், அரங்கம் போன்ற பொது இடங்களில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், உரிமமும் ரத்தாகலாம். வாசலில் வாக்குவாதம் வேண்டாம். மறுப்பவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, காரணத்தை எழுதித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே குரல் இறங்கிவிடும். ஓசூரைத் தாண்டினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது.

வேடிக்கை என்னவென்றால், மறுவருடமே காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. கோயிலுக்கு வரும் ஆண்கள் வேட்டி, பைஜாமா, முறையான பேன்ட் சட்டை என்று இன்னின்னதுதான் அணியலாம் என 2015 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி உத்தரவிட்டார். 2016இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது.

கேள்வி: வேட்டி தமிழர் எல்லோருக்கும் பொதுவான பெருமை. அதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பது ஏன்?

எல்லோருக்கும் பொதுவாக அது எப்போது ஆனது என்று அவர்கள் கேட்கிறார்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்களின் உடை முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. தோளில் கிடந்த துண்டு ஆதிக்கச் சாதி ஆளைக் கண்டதும் இடுப்புக்கு இறங்க வேண்டியிருந்த ஊர்கள் பல. அந்த ஊர்க்காரருக்குக் கணுக்கால் வரை தழையும் வெள்ளை வேட்டி, அன்று தடுத்தவரின் உடை.

இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1921 செப்டம்பரில், அடுத்த ஊரான மதுரையில்தான் காந்தி முழு உடையை விட்டு அரைத்துணிக்கு மாறினார். ஏழைக்குக் கிடைக்காத துணி தனக்கும் வேண்டாம் என்றார். அவர் விரும்பிக் குறைத்துக்கொண்டார். இவர்களுக்கு நீட்டிக்கொள்ளவே உரிமையில்லை. முழுக்கை சட்டை, பேன்ட், கோட்டு என்று அம்பேத்கர் சிலையைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் பெருமையை விட வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் பேன்ட்டில் கல்யாணத்துக்கு வந்தால் “தமிழன்தானா நீ?” என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: மேல்முனை இடப்பக்கம் வரலாமா, வலப்பக்கம்தானா?

முதல் பதிலில் சொன்னது வலப்பக்கம். கேரளத்தில் இந்துக்கள் வலம், முஸ்லிம்கள் இடம் என்று முண்டு (அங்கே வேட்டிக்குப் பெயர்) கட்டியிருப்பதைப் பார்த்தே ஆளைச் சொல்லும் வழக்கம் இருந்தது. துணிக்கு இரண்டும் ஒன்றே. வெல்க்ரோ ஒட்டு வேட்டி வாங்கினால் மட்டும் பட்டை எந்தப் பக்கம் தைத்திருக்கிறது என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். பக்கம் மாறினால் கரை உள்ளே போய்விடும்.