மெசினில் குயில்ட் தைக்கப் பழகும்போது எந்த ஊசி, எந்த நூல் வாங்குவது?

கேட்டது இது: வீட்டில் சிங்கர் கால் மெசின் இருக்கிறது. மேலே சீத்தைத் துணி, நடுவில் பஞ்சு, கீழே பழைய பருத்திச் சேலை வைத்து, குயில்ட் என்கிற மூன்று படைப் போர்வையை 11ஆம் இலக்க ஊசியால் தைக்கிறீங்கள். இடையிடையே தையல் விடுபடுது, நூல் அறுது. மெசினை மாற்ற வேணுமா?

மெசினை மாற்ற வேண்டாம், ஊசியை மாற்றுங்கோ. ஊசி கீழே போய்த் திரும்ப மேலே எழும்பும்போது நூல் அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணியாக விரியும். அந்தக் கண்ணியைக் கீழே இருக்கிற கொக்கி பிடித்தால்தான் தையல் விழும். பஞ்சின் தடிப்புக்குள் மெல்லிய ஊசி கொஞ்சம் வளைந்தாலும் கண்ணி விலகிப் போகும், கொக்கி வெறுமனே சுற்றும். தையல் விடுபடுறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

11ஆம் இலக்கம் மேற்படைத் துணித் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தத் தாராளம். மூன்று படையையும் சேர்த்துத் தைக்க 14ஆம் இலக்கம் வேணும். பெட்டியில் 90/14 என்று இருக்கும். 90 என்றால் ஊசியின் தடிப்பு 0.9 மில்லிமீற்றர். வீட்டு மெசின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்த வகையின் பெயர் HAx1, வெளிநாட்டுப் பெட்டிகளில் அதே வகை 130/705 H என்று இருக்கும். இரண்டும் உங்கள் மெசினுக்குச் சரி. தொழிற்சாலை ஜூக்கி மெசினுக்குரிய உருண்டைத் தலை ஊசியைத் தவறிக்கூட எடுக்காதேங்கோ. கடைக்குப் போகும்போது பழைய ஊசியையும் ஒரு கடதாசியில் குத்திக் கொண்டுபோய், தலையை ஒத்துப் பார்த்து வாங்குங்கோ.

குயில்ட்டுக்கென்றே வருகிற ஊசி நுனியை நோக்கிச் சீராக ஒடுங்கும், அதனால் படைகளைத் தள்ளாமல் ஊடுருவும். ஷ்மெட்ஸ் கம்பனி ஊசி என்றால் தலையில் பச்சை வரி இருக்கும். இங்கே கிடைக்காவிட்டால் கனடாவிலோ லண்டனிலோ இருந்து வாற ஆட்களிடம் சொல்லி விடுங்கோ, ஒரு பெட்டி நிறையே இல்லை. அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஜீன்ஸ் ஊசி 90/14 கிடைத்தால் அதுவே நன்றாக வேலை செய்யும், சாதாரண 14ஆம் இலக்க ஊசியாலும் முதல் குயில்ட்டைத் தைத்து முடிக்கலாம். பத்திக் துணி என்றால் மட்டும் கூர் நுனியுள்ள மைக்ரோரெக்ஸ் ஊசி தேடுங்கோ, அதன் நெசவு மிக நெருக்கமானது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியது ஊசியின் நீளப் பள்ளம். நூல் எந்தப் பக்கத்தால் ஊசிக் கண்ணுக்குள் போகிறதோ அந்தப் பக்கம்தான் பள்ளம் இருக்க வேணும், தட்டையான பக்கம் அதற்கு எதிர்ப்பக்கம். புது ஸிக்ஸாக் மெசின்களில் தட்டைப் பக்கம் பின்னுக்கு வரும், பழைய கால் மெசின்கள் பலவற்றில் பக்கவாட்டில் வரும். ஊசி முழுதாக மேலே முட்டும் வரை ஏற்றிய பிறகே திருகாணியை இறுக்குங்கோ. அரை மில்லிமீற்றர் கீழே நின்றாலும் திரும்பத் தையல் விடும்.

நூலில் இலக்கம் கூடக்கூட நூல் மெல்லிசாகும். பருத்தி நூல் என்றால் துண்டு பொருத்த 50, மூன்று படையையும் சேர்த்துத் தைக்க 50 அல்லது 40. ஆரிஃபில் கம்பனியின் பருத்தி நூலை யாராவது கொண்டு வந்தால் 50 செம்மஞ்சள் கட்டையில், 40 பச்சைக் கட்டையில் வரும். கடைகளில் வழமையாகக் கிடைக்கிற பொலியெஸ்ரர் நூல் 40/2, அதாவது டிக்கெற் 120. அந்த 120 வேறு கணக்கு, அதைப் பார்த்து மிக மெல்லிய நூல் என்று நினைக்காதேங்கோ. பழகுறதுக்கு அது போதும், அறுறதும் குறைவு. பொபினுக்கும் அதே நூலைப் போடுங்கோ, சுற்றும்போது மெதுவாக மிதியுங்கோ. வேகமாகச் சுற்றினால் பொலியெஸ்ரர் இழுபட்டு, தைத்த பிறகு சுருங்கித் துணியைச் சுருக்கிவிடும்.

கையால் குயில்ட் தைக்கவென்று வாற மெழுகு பூசிய நூலை மெசினில் போடவே வேண்டாம். மெழுகு, மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற ரென்சன் தட்டுகளில் ஒட்டிக்கொள்ளும். அலுமாரியில் பல வருடம் கிடந்த பருத்தி நூலையும் சும்மா இழுத்துப் பாருங்கோ, பட்டென்று அறுந்தால் மெசினில் போடாதேங்கோ.

ஊசியும் நூலும் பொருந்துதா என்று பார்க்க ஒரு வழி. ஊசியைக் கழற்றி ஒரு அடி நூலில் கோர்த்து, நூலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துச் சரிவாக வைத்தால் ஊசி தானாக வழுக்கி இறங்க வேணும். நின்று நின்று போனால் கண் சிறிது. ஒவ்வொரு தையலிலும் நூல் அந்தக் கண்ணால் முன்னும் பின்னும் பல தடவை உராய்கிறது, உங்கள் நூல் பிசிர் பிசிராகி அறுறது அதனால்தான்.

நூல் கோர்க்கும்போது அமுக்கிப் பாதம் தூக்கியிருக்க வேணும். பாதம் இறங்கியிருந்தால் ரென்சன் தட்டுகள் இறுகியிருக்கும், நூல் நடுவில் போய் அமராது, கீழ்ப்பக்கத்தில் கண்ணி கண்ணியாகத் தொங்கும். மாறாகப் பொபின் நூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் ரென்சனை அரைச் சுற்று தளர்த்துங்கோ. இதையெல்லாம் அதே துணி, அதே பஞ்சில் ஒரு அடிச் சதுரத் துண்டு வைத்து முதலில் பாருங்கோ. தையல் நீளம் அங்குலத்துக்கு 8 முதல் 10. துணியைப் பின்னால் பிடித்து இழுக்க வேண்டாம், ஊசி வளைந்து ஊசித்தட்டில் அடித்து முறியும்.

நாலடிக்கு ஐந்தடிப் போர்வையில் இரண்டு அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தால் கோடுகளின் நீளம் 75 மீற்றர் அளவு வரும். மேலுக்கும் கீழுக்கும் தலா 110 மீற்றர் நூல் போகும், ஆகவே 500 மீற்றர் ரீல் ஒன்று போதும். ஊசியை எட்டு மணித்தியாலத் தையலுக்கு ஒருமுறை மாற்றுங்கோ, துணியில் இறங்கும்போது டொக் டொக் என்று சத்தம் கேட்டால் அதற்கு முதலே. மிச்ச ஊசிகளை எண்ணெய் தடவிய துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கோ, கடற்காற்றுக்குத் துருப் பிடித்த ஊசி நூலை அராவிவிடும்.