மே கடைசியில் மோன் பிளான் சுற்றுப் பாதை வேண்டாம்

மே கடைசி வாரம் 10 நாள் லீவு, ஆல்ப்ஸுக்கு முதல் தடவை, மோன் பிளான் மலையைச் சுற்றி வரும் நடைபாதையில் நடக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மலையடிவாரத்தில் இருக்கும் சாமோனி ஊருக்குள் அப்போது நல்ல வெயில் அடிக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 2,500 மீட்டர் உயரக் கணவாய்களில் ஜூன் கடைசி வரைகூட பனி கிடக்கும், பாதையே தெரியாது, செங்குத்தான சரிவில் சறுக்கினால் கதை கந்தல். வழியில் இருக்கும் மலை விடுதிகளும் பெரும்பாலும் ஜூன் நடுவில்தான் திறப்பார்கள், அப்புறம் எங்கே படுப்பீர்கள்?

லீவைத் தள்ள முடிந்தால் செப்டம்பர் முதல் இரண்டு வாரம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் தாங்காது, மதியத்துக்கு மேல் இடிமழை வேறு. செப்டம்பரில் இரண்டும் குறையும், ஆனால் விடுதிகள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பிக்கும், முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

தேதியை மாற்றவே முடியாதா? சரி, உயரமான மலையை விடுங்கள். போர்ச்சுகலின் போர்ட்டோவிலிருந்து ஸ்பெயினின் சான்டியாகோவுக்குப் போகும் யாத்திரைப் பாதையில், ஸ்பெயின் எல்லையில் இருக்கும் துய் ஊரில் தொடங்கினால் சுமார் 120 கிலோமீட்டர், நிதானமாக ஒரு வாரத்தில் முடிக்கலாம். மழைக்கோட்டு கட்டாயம், அந்தப் பாதை போகும் கலீசியா பகுதியில் மே மாதத்திலும் நனைவீர்கள்.